பன்றிக்குத்தானே என்று சொல்ல வேண்டாம்



நமது இதழில் வரியைப் பற்றியும், உரிமத்தைப் பற்றியும், தராசு முத்திரையைப் பற்றியும் பலர் எழுதிவிட்டார்கள். நானும் இரண்டொரு முறை எழுதியிருக்கிறேன். இந்த முறை பன்றித் தீவனத்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னதும் என் மகன் சிரித்தான். "அப்பா, மளிகைக் கடைக்காரர்கள் படிக்கிற புத்தகத்தில் பன்றியா?" என்று கேட்டான். அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் நான் எழுத வேண்டியிருக்கிறது.

1976-ல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு, பதினெட்டு வயதில், என் தகப்பனாரின் தவிடு, புண்ணாக்கு மண்டியில் உட்கார்ந்தேன். சேலம், ஆத்தூர் வட்டாரத்து வியாபாரம். அரிசித் தவிடு, கோதுமைத் தவிடு, கடலைப் புண்ணாக்கு, சோயாப் புண்ணாக்கு, மக்காச்சோளம், ஜவ்வரிசி ஆலையிலிருந்து வரும் மரவள்ளித் திப்பி எல்லாம் எங்களிடம் உண்டு. சில்லறைக் கடைக்காரர்கள் எங்களிடம் மூட்டையாக எடுத்துக் கிராமங்களில் படியாகவும் கிலோவாகவும் விற்கிறார்கள். ஆகவே இந்த விஷயம் எனக்கு மட்டும் சேர்ந்ததல்ல. கடை வாசலில் ஒரு தவிட்டு மூட்டையைத் திறந்து வைத்திருக்கிற ஒவ்வொருவருக்கும் சேர்ந்தது.

மாட்டுக்காரர் தவிடு கேட்டால் நாம் என்ன செய்கிறோம்? குத்தூசி போட்டு எடுத்து, உள்ளங்கையில் வைத்துக் காட்டுகிறோம். கோழிப்பண்ணைக்காரர் கேட்டால் சாம்பிள் கட்டி அனுப்புகிறோம். பன்றி வளர்ப்பவர் வந்து நின்றால்? "அந்த மூலையில் நனைந்த மூட்டை இரண்டு கிடக்கிறது பார், அதைத் தூக்கிப் போடு" என்று பையனிடம் சொல்கிறோம். கிடங்கைக் கூட்டிய சரக்கு, வண்டு விழுந்த சோளம், உமி கலந்த தவிடு எல்லாம் அவருக்குத்தான். விலையில் மட்டும் குறைப்பது இல்லை. கேட்டால் "பன்றிக்குத்தானே" என்று ஒரு வார்த்தை. அந்த வார்த்தையை நானும் நாற்பது வருடம் சொல்லியிருக்கிறேன். சொன்னதற்கு ஒருநாள் பதில் சொல்ல வேண்டி வந்தது.

நான் செய்த தவறு

2018-ம் வருடம் மாசி மாதம் ஒரு கம்பெனிப் பிரதிநிதி மண்டிக்கு வந்தார். கையில் அழகான பொட்டலங்கள். ஒவ்வொன்றும் நூறு கிராம். "இது என்சைம் ஐயா. தமிழில் நொதி என்பார்கள். ஒரு டன் தீவனத்துக்கு ஒரு பொட்டலம் போதும். டி.சி.பி. உப்பே வாங்க வேண்டாம். பன்றி, கோழி எல்லாம் கிடுகிடுவென்று வளரும்" என்றார். பத்துப் பெட்டி எடுத்தால் ஒரு பெட்டி இலவசம், இரண்டு மாதக் கடன். நான் அதில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. இலவசப் பெட்டியை எப்போது இறக்குவீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

பெட்டிகளைக் கிடங்கின் மேல் தட்டில், தகரக் கூரைக்கு ஒரு முழம் கீழே அடுக்கி வைத்தேன். பங்குனி, சித்திரை இரண்டு மாதமும் அங்கேயே கிடந்தன. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அந்தத் தட்டில் கை வைக்க முடியாது.

எங்களிடம் வாடிக்கையாக வாங்கும் ஒரு இளைஞர், நாற்பது வெண்பன்றிக் குட்டிகளை வளர்த்து வந்தார். வங்கிக் கடன் வாங்கிக் கொட்டகை போட்டவர். மக்காச்சோளம், தவிடு, சோயாப் புண்ணாக்கு வாங்கித் தானே அரைத்துக் கலந்துகொள்வார். அவரிடம் பிரதிநிதி சொன்னதை அப்படியே சொன்னேன். ஐந்து பொட்டலம் வாங்கினார். டி.சி.பி. மூட்டையை வேண்டாம் என்று திருப்பிவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து வந்தார். குட்டிகள் தீனியில் நாட்டமில்லாமல் சுவரை நக்குகின்றன, மண்ணைத் தின்கின்றன, பின்னங்கால் ஊன்ற முடியாமல் உட்கார்ந்துவிடுகின்றன என்றார். அரசுக் கால்நடை மருத்துவர் வந்து பார்த்து, எலும்புக்கு வேண்டிய பாஸ்பரஸ் சத்துப் போதவில்லை என்று சொல்லி, டி.சி.பி.யை மறுபடி சேர்க்கச் சொன்னாராம். பெரும்பாலானவை தேறிவிட்டன. நான்கு மட்டும் கால் வளைந்து நின்றுவிட்டன. அவற்றை வந்த விலைக்குத் தள்ளினார். மற்றவையும் எடை கூட ஒன்றரை மாதம் பிந்தியது. அந்த ஒன்றரை மாதமும் தீனி போட வேண்டும், வட்டி கட்ட வேண்டும்.

அவர் சண்டை போடவில்லை. வெறும் பொட்டல உறைகளை என் மேசைமேல் வைத்து, "நீங்க சொன்னீங்கன்னுதான் ஐயா போட்டேன்" என்றார். அவ்வளவுதான். அந்த ஐந்து பொட்டலத்தில் எனக்குக் கிடைத்த லாபம் முந்நூறு ரூபாய்கூட இருக்காது. பழைய பாக்கியில் ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டேன். ஆனால் அந்த வார்த்தையைக் கழிக்க எனக்கு இன்றுவரை வழி தெரியவில்லை.

அதன் பிறகுதான் இந்த நொதி என்றால் என்ன என்று கால்நடை மருத்துவர்களையும் தீவன ஆலைக்காரர்களையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தெரிந்ததும் ஒன்று விளங்கியது. சரக்கு மோசமில்லை. விற்ற நான்தான் மோசம்.

நமக்குத் தெரியாத பொருளல்ல

நொதி என்றால் ஏதோ சீமைச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். பெரிய பொருளை உடைத்துச் சிறிதாக்குகிற வேலையைச் செய்யும் ஒருவகைப் புரதம் அது. நம் வீட்டிலேயே இருக்கிறது. கறி சீக்கிரம் வேக வேண்டும் என்று பப்பாளிக்காய்த் துண்டு போடுகிறார்களே, அதில் உள்ளது நொதி. கேழ்வரகை முளைகட்டினால் மாவு இனிக்கிறதே, அது நொதியின் வேலை.

தவிட்டு வியாபாரிக்கு இன்னும் நன்றாகத் தெரிந்த உதாரணம் ஒன்று சொல்கிறேன். பச்சரிசித் தவிடு சில நாளிலேயே காறல் வாடை அடிக்கும். புழுங்கல் அரிசித் தவிடு தாங்கும். ஏன் என்று என் தகப்பனாருக்குத் தெரியாது. ஆனால் பச்சரிசித் தவிட்டை அவர் அதிக நாள் வைத்திருக்க மாட்டார். தவிட்டில் எண்ணெயைச் சிதைக்கிற ஒரு நொதி இருக்கிறது. அது வேலை செய்வதால்தான் காறுகிறது. நெல்லை அவிக்கும்போது அந்தச் சூட்டில் நொதி கெட்டுப்போகிறது. அதனால் புழுங்கல் தவிடு அவ்வளவு சீக்கிரம் காறுவதில்லை. சூடு பட்டால் நொதி கெடும் என்பதை நம் தொழிலே நமக்குத் தலைமுறையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டே நான் நொதிப் பொட்டலத்தைத் தகரத்துக்குக் கீழே வைத்தேன்.

பன்றிக்கு ஏன் வேண்டும்?

மாட்டுக்கு இரைப்பையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. வைக்கோலையும் தவிட்டையும் அவைதான் உடைத்துக் கொடுக்கின்றன. பன்றிக்கு நம்மைப்போல ஒற்றை வயிறு. மாவுச்சத்தையும் புரதத்தையும் கொழுப்பையும் செரிக்கத் தேவையான நொதிகள் அதன் உடம்பிலேயே சுரக்கின்றன. நார்ச்சத்தை உடைக்க நொதி கிடையாது. பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்கள் கொஞ்சம் உடைக்கும். தாய்ப்பன்றிக்கு அந்தச் சக்தி கூடுதல். வளரும் குட்டிக்குக் குறைவு.

தவிட்டில் பாஸ்பரஸ் ஏராளம். நூறு கிலோ அரிசித் தவிட்டில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ பாஸ்பரஸ் உண்டு. ஆனால் அதில் பெரும்பகுதி பைட்டேட் என்ற பொருளுக்குள் பூட்டிக் கிடக்கிறது. மக்காச்சோளத்திலும் சுமார் மூன்றில் இரண்டு பங்கு அப்படித்தான். அந்தப் பூட்டைத் திறக்கிற சாவி பன்றியிடம் போதிய அளவில் இல்லை. ஆகவே தொட்டியில் போட்ட பாஸ்பரஸ் சாணியோடு வெளியே போகிறது. பூட்டிய பெட்டியில் பணம் இருந்தும் கடைக்காரன் கடன் வாங்குவதுபோல, நாம் டி.சி.பி. உப்பைக் காசு கொடுத்து வாங்கிப் போடுகிறோம். பைட்டேட் பாஸ்பரஸோடு நிற்பதில்லை. துத்தநாகம், சுண்ணாம்புச் சத்து போன்றவற்றையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அந்தப் பூட்டைத் திறக்கும் சாவிதான் பைட்டேஸ் என்ற நொதி. இதை முதலில் எங்கே கண்டுபிடித்தார்கள் தெரியுமா? நாம் விற்கிற அரிசித் தவிட்டில்தான். 1907-ல் ஜப்பானில் உமேதாரோ சுசுகி என்ற விஞ்ஞானியும் அவருடன் இருந்தவர்களும் கண்டார்கள். அதே சுசுகிதான் மூன்று வருடம் கழித்து, பெரிபெரி நோயைத் தடுக்கும் சத்தையும் அரிசித் தவிட்டிலிருந்து பிரித்தெடுத்தார். பின்னால் வைட்டமின் பி1 என்று பெயர் பெற்றது அதுதான். தவிடு என்றால் கழிவு என்று நினைப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

கண்டுபிடித்து எண்பது வருடத்துக்கு மேல் அது கடைக்கு வரவில்லை. வந்த கதையும் வியாபாரிகள் தெரிந்துகொள்ள வேண்டியது. நெதர்லாந்து சின்ன நாடு. அங்கே பன்றிகளும் கோழிகளும் பெருகி, சாணியில் போகும் பாஸ்பரஸ் மண்ணையும் தண்ணீரையும் கெடுத்தது. 1980-களில் அந்த நாட்டு அரசாங்கம் ஒரு நிலத்துக்கு இவ்வளவு சாணிதான் போடலாம் என்று சட்டம் கொண்டு வந்தது. சாணியில் பாஸ்பரஸ் குறைய வேண்டும் என்றால் தீவனத்திலேயே குறைத்தாக வேண்டும். ஒருவகைப் பூஞ்சையைக் கொண்டு பைட்டேஸை மொத்தமாகத் தயாரிக்கும் வழி அப்போது கைகூடியது. 1991-ல் அது அங்கே விற்பனைக்கு வந்தது. 2008-ல் உலகச் சந்தையில் பாஸ்பேட் விலை மளமளவென்று ஏறியபோது, சட்டம் இல்லாத நாடுகளில் உள்ளவர்களும் செலவு குறைக்க இதைத் தேடி வந்தார்கள்.

என்ன செய்யும், என்ன செய்யாது

சரியான பைட்டேஸ் சரியான அளவில் போட்டால் பலன் உண்டு. இதில் சந்தேகம் வேண்டாம். வழக்கமான அளவு, ஒரு கிலோ தீவனத்துக்கு 500 யூனிட். ஒரு கிராமுக்கு 5,000 யூனிட் உள்ள சரக்கு என்றால், ஒரு டன்னுக்கு நூறு கிராம் போட்டால் கணக்குச் சரியாக வரும். பொட்டலத்தில் யூனிட் எவ்வளவு என்று அச்சிட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது எடையில்லாத தராசு. நூறு கிராம் என்பது எடை. யூனிட்தான் சரக்கு.

இந்த அளவு போட்டால் ஒரு டன் தீவனத்தில் ஏறத்தாழ ஒரு கிலோ வரை பாஸ்பரஸ் விடுபடும் என்கிறார்கள். டி.சி.பி.யில் 18 சதவீதம் பாஸ்பரஸ். ஆக, ஐந்து ஐந்தரைக் கிலோ டி.சி.பி.க்கு அது ஈடு. டன்னுக்குப் பத்துக் கிலோ டி.சி.பி. போடுகிறவர் பாதியைக் குறைக்கலாம். முழுவதையும் நிறுத்த முடியாது. என்னிடம் வந்த பிரதிநிதி முழுவதையும் நிறுத்தச் சொன்னார். பள்ளிக்கூடக் கணக்குத் தெரிந்த நானும் தலையை ஆட்டினேன்.

இன்னொன்று. சுண்ணாம்புத் தூளை அளவுக்கு மீறிப் போட்டால் பைட்டேஸின் வேலை குறையும். எலும்புக்கு நல்லது என்று கை நிறைய அள்ளிப் போடுகிற பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. அதையும் கடையிலேயே சொல்லி அனுப்ப வேண்டும்.

அடுத்து, நார்ச்சத்தை உடைப்பதாகச் சொல்லி சைலனேஸ், குளூக்கனேஸ் என்று விற்கிறார்கள். கோதுமையும் பார்லியும் அதிகம் போடுகிற ஐரோப்பாவில் இவற்றுக்கு வேலை இருக்கிறது. முக்கியமாகக் கோழிக்கு நன்றாகப் பலன் தருகின்றன. வளரும் பன்றிகளில் சில இடத்தில் பலன் தெரிகிறது, சில இடத்தில் தெரிவதில்லை. சோளமும் சோயாவும் போடுகிற பண்ணையில், பைட்டேஸ் அளவுக்கு நிச்சயமாக இவற்றைச் சொல்ல முடியாது. வாங்குகிறவர் நான்கு குட்டிக்குப் போட்டு, நான்கு குட்டிக்குப் போடாமல், ஒரு மாதம் எடை பார்த்து முடிவு செய்யட்டும். அதைச் சொல்கிற தைரியம் விற்கிறவனுக்கு வேண்டும்.

இப்போது இன்னொரு விளம்பரமும் வருகிறது. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய யூனியன் 2006 ஜனவரி 1 முதல் நிறுத்திவிட்டது. நம் நாட்டில் கொலிஸ்டின் மருந்தை உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்குக் கொடுப்பதை 2019-ல் தடை செய்தார்கள். இரண்டும் நல்ல காரியம். உடனே "அதற்குப் பதில் இது" என்று நொதியை நீட்டுகிறார்கள். நொதி செரிமானத்துக்கு உதவும் பொருள். நோய்க்கு மருந்தல்ல. மருந்தென்று சொல்லி விற்பது பொய்.

உமிக்கு நொதி இல்லை

இனி நம் குற்றத்துக்கு வருகிறேன். பழைய ஹல்லர் மில்லில் உமியும் தவிடும் சேர்ந்தே வரும். உமியை முதலில் தனியே நீக்குகிற நவீன ஆலைகளில் தவிடு சுத்தமாக வரும். இரண்டுக்கும் விலையில் வித்தியாசம் உண்டு. அந்த வித்தியாசத்தில்தான் நம்மில் சிலர் வீடு கட்டியிருக்கிறோம். சுத்தத் தவிட்டில் உமியை அரைத்துக் கலந்தால் கண்ணுக்குத் தெரியாது. பன்றியின் வயிற்றுக்குத் தெரியும்.

உமியில் இருப்பது மரத்தன்மையுள்ள நாரும் மணல் சத்தும். எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக நிற்கும். அந்தச் சாம்பல் பெரும்பாலும் சிலிக்கா, அதாவது மணலின் இனம். உலகத்தில் எந்தக் கம்பெனியும் மணலைச் செரிக்க வைக்கும் நொதியை விற்கவில்லை. உமி கலந்த தவிட்டை ஒரு கையால் விற்றுவிட்டு, செரிமானத்துக்கு என்று நொதிப் பொட்டலத்தை மறு கையால் விற்பது, வாளியில் ஓட்டை போட்டுக் கொடுத்துவிட்டு அடைப்பதற்கு அரக்கும் விற்பதற்குச் சமம். அந்த அரக்கும் ஒட்டாது.

திப்பியும் அப்படித்தான். அதில் மிச்ச மாவும் நாரும் உண்டு. புரதமும் பாஸ்பரஸும் சொற்பம். திப்பி அதிகம் போடுகிறவருக்குப் பைட்டேஸ் விற்றால், திறக்கப் பெட்டியே இல்லாத இடத்தில் சாவி விற்பதுதான். பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்துக்கும் இந்த நொதிகள் பரிகாரம் ஆகாது. ஈரம் காயாமல் மூட்டை கட்டினால் விஷம் ஊறும். அந்தச் சோளத்தைப் பன்றிக்காரருக்குத் தள்ளிவிடுகிறோம். கலப்படம் என்றால் மிளகில் பப்பாளி விதை மட்டும்தானா?

நமக்கு ஏன் இந்த வேலை?

"நாம் மளிகைக்கடைக்காரர். மருந்துக்கடைக்காரர் இல்லை. கம்பெனி கொடுக்கிறது, விற்கிறோம். பொட்டலத்தில் எழுதியிருப்பதைப் படித்துக்கொள்வது வாங்குகிறவர் பொறுப்பு" என்று ஒரு நண்பர் சொன்னார். நியாயம்போலத் தெரியும். ஆனால் நம் வாடிக்கையாளர் பொட்டலத்தைப் படித்து வாங்குவதில்லை. நம் முகத்தைப் பார்த்து வாங்குகிறார். உறையில் எல்லாம் ஆங்கிலத்தில் பொடி எழுத்து. அவருக்குத் தமிழில் கிடைக்கிற ஒரே விளக்கம் நம் வாய்ச்சொல்தான். கல்லாவில் இருக்கிற பணத்தைவிட அந்தச் சொல்லுக்கு மதிப்பு அதிகம்.

இன்னொரு நண்பர், "பன்றி வளர்ப்பவர் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களுக்காக இவ்வளவு பாடா?" என்றார். ஓட்டல் எச்சில் வாங்கிப் போட்டே வளர்க்கிறவர்கள்தான் அதிகம் என்பது உண்மை. ஆனால் 2020-ல் அசாமில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்ற கொள்ளைநோய் வந்த பிறகு, வேகவைக்காத எச்சில் உணவால் அந்த நோய் பரவும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். அந்த நோய்க்கு மருந்து கிடையாது. ஆகவே சுத்தமான தானியத் தீவனத்துக்கு மாறலாமா என்று யோசிக்கிறவர்கள் நம் கடைக்குத்தான் வருகிறார்கள். அவர்களுக்கு உமியைக் கொடுத்துத் திருப்பி அனுப்பினால் மறுபடியும் எச்சில் வாளிக்கே போவார்கள். பிழைக்க வந்த படித்த பிள்ளைகள் அவர்களில் பலர். சாதியையும் பிராணியையும் பார்த்துத் தராசைச் சாய்க்கிற காலம் போய்விட்டது என்று மேடையில் பேசுகிறோம். கிடங்கு மூலையில் அது இன்னும் போகவில்லை.

சங்கம் செய்ய வேண்டியது

குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆகவே என் யோசனைகளையும் சொல்கிறேன். பொதுக்குழுவில் விவாதிக்க வேண்டுகிறேன்.

முதலாவது, தவிட்டை உமி இல்லாதது, உமி உள்ளது என்று இரண்டாகப் பிரித்து, பில்லிலும் மூட்டையிலும் அப்படியே எழுத வேண்டும். உமி உள்ளதை விற்பது குற்றமல்ல. சொல்லாமல் விற்பதுதான் குற்றம். எண்ணெய் எடுக்காத நல்ல தவிட்டைக் கையில் பிடித்து அழுத்தினால் கொழுக்கட்டைபோல நிற்கும். உமி கலந்தது உதிரும், உள்ளங்கையில் குத்தும். சந்தேகம் வந்தால் ஆலைகளில் ஒரு திரவம் விட்டுப் பார்க்கிறார்கள். உமி கூடக் கூடச் சிவப்பு கூடும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. கட்டணம் கட்டினால் பார்த்துச் சொல்வார்கள். வருடத்துக்கு இரண்டு முறை உறுப்பினர்களின் சாம்பிளைச் சங்கமே எடுத்து அனுப்பலாம்.

இரண்டாவது, நொதிச் சரக்கை வாங்கும்போது யூனிட், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, தொகுதி எண் நான்கும் இல்லாவிட்டால் கடையில் ஏற்றக்கூடாது. எத்தனை பெட்டி இலவசமாகக் கொடுத்தாலும் சரி. விற்கும்போது தொகுதி எண்ணைப் பில்லில் எழுத வேண்டும். நாளைக்கு ஒரு குறை வந்தால் கம்பெனியைக் கேட்க நம் கையில் ஒரு காகிதம் இருக்கும். 2018-ல் என் கையில் எதுவும் இல்லை. அந்தப் பிரதிநிதியின் தொலைபேசியும் அதன்பின் எடுக்கப்படவில்லை.

மூன்றாவது, வைக்கும் இடம். தகரத்துக்குக் கீழே வேண்டாம். ஈரத் தரையிலும் வேண்டாம். கடையின் உட்பக்கம், பீரோவில், வெயில் படாமல் வைத்தால் போதும். கோடைக்கு முன் பெரிய சரக்கு எடுக்காதீர்கள். உடைத்த பொட்டலத்தைக் கட்டி வைத்து மறுபடி விற்காதீர்கள். தீவனத்தைக் குச்சியாகப் பிழிகிற ஆலைக்கு விற்றால், அங்கே 80 டிகிரிக்கு மேல் சூடு ஏறும் என்பதை நினைவில் வையுங்கள். அதைத் தாங்கும்படி பூச்சுப் பூசிய சரக்குத் தனியாக வருகிறது. கேட்டு வாங்க வேண்டும்.

நான்காவது, கலக்கும் முறை. நூறு கிராமை ஆயிரம் கிலோவில் நேராகக் கொட்டினால் ஒரு குட்டிக்கு அத்தனையும் போகும், மற்றொன்றுக்கு ஒன்றும் போகாது. முதலில் ஒரு கிலோ தவிட்டில் கலக்க வேண்டும். அதைப் பத்துக் கிலோவில், பின்பு நூறு கிலோவில், அதன்பின் மொத்தத்தில். கொதிக்கக் காய்ச்சிய கஞ்சியில் போடக்கூடாது. ஆறிய பிறகுதான் போட வேண்டும். இதை ஒரு பக்கத் தமிழ்த் துண்டறிக்கையாகச் சங்கம் அச்சிட்டு, பொட்டலத்தோடு கொடுக்கச் சொல்லலாம். அச்சுச் செலவில் பாதியை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

ஐந்தாவது, தெரியாததற்கு டாக்டர் வேலை பார்க்க வேண்டாம். டி.சி.பி.யைக் குறைக்கலாமா, எவ்வளவு குறைக்கலாம் என்று கேட்டால், கால்நடை மருத்துவரிடமோ, கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையத்திலோ கேட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்புவோம். ஒரு பொட்டலம் விற்காமல் போகும். ஆள் நம்மிடம் நிற்பார்.

இதையெல்லாம் செய்தால் லாபம் குறையுமா? முதல் வருடம் எனக்குக் குறைந்தது. உமி இல்லாத தவிடு என்று எழுதி விலையைக் கூட்டிச் சொன்னபோது நான்கைந்து பேர் வேறு கடைக்குப் போனார்கள். அடுத்த வருடம் அவர்களில் மூன்று பேர் திரும்பினார்கள். வரும்போது பக்கத்து ஊர்க்காரர்களையும் அழைத்து வந்தார்கள். நல்ல தவிடு போட்டால் தீனி குறைவாகச் செலவாகிறது என்பதை அவர்களே எடை போட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். நான் விளம்பரம் செய்யவில்லை.

அந்த இளைஞர் இப்போதும் பன்றி வளர்க்கிறார். கடனை அடைத்துவிட்டார். என்னிடமிருந்துதான் சோளமும் தவிடும் எடுக்கிறார். பைட்டேஸும் போடுகிறார், டி.சி.பி.யும் பாதி போடுகிறார். ஆனால் இன்றைக்கும் பொட்டலத்தைக் கையில் வாங்கியதும் தேதியைப் பார்ப்பார், யூனிட்டைப் பார்ப்பார், கடைசியாக என் முகத்தைப் பார்ப்பார். முன்பெல்லாம் முகத்தை மட்டும்தான் பார்ப்பார். அவர் செய்வதுதான் சரி. அப்படிப் பார்க்க வைத்தவன் நான் என்பதுதான் எனக்கு வருத்தம்.

நம் சங்க உறுப்பினர் ஒருவருக்கும் இந்த நிலைமை வரக்கூடாது என்று நினைத்தே இதை எழுதினேன். அடுத்த முறை பன்றி வளர்ப்பவர் உங்கள் கடை வாசலில் வந்து நின்றால், குத்தூசியை எடுங்கள். மூலையில் கிடக்கும் மூட்டையில் அல்ல, முன்னால் இருக்கும் நல்ல மூட்டையில் குத்தி, உள்ளங்கையில் கொட்டிக் காட்டுங்கள்.